தையலைப் பிரித்துவிடலாம்: நடுவயது குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இதழில் முழங்கால் வலி பற்றி எழுதிய பதிலின் இறுதியில், 45 வயதைக் கடந்தவர்கள் தங்கள் உடலில் காணும் மாற்றங்களைப் பற்றித் தயங்காமல் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை பெயர் குறிப்பிடாதவை. ஒன்று, பிள்ளையின் கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில், பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. அரச மருத்துவமனைகளில் நீண்ட காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், இந்த மாற்றங்களைத் தாண்டி வந்தவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்லள் என்பதை வாசிப்பவர்கள் மறக்க வேண்டாம்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 48. பாடசாலை ஆசிரியை. கடந்த ஒரு வருடமாக மாதச் சுகவீனம் ஒழுங்கில்லை. இரண்டு மாதம் வராது, பிறகு வந்தால் அதிகமாக இருக்கும். இரவில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை அனல் ஏறித் தலையணை நனையும்வரை வியர்க்கிறது. முதலில் கச்சான் காற்றின் வெக்கை என்றுதான் நினைத்தேன். மாரி தொடங்கிய பின்பும் அது நிற்கவில்லை. முன்பு உண்ட அளவுதான் உண்கிறேன், ஆனால் சாறிச் சட்டைகளுள் ஒன்றுகூடப் பொருந்துவதில்லை. தை மாதம் மூத்த மகளுக்குத் திருமணம். வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் பின்புறம் கட்டும் சிறிய வீட்டுக்கு நாங்கள் போகிறோம். "இனியென்ன, நீ அம்மம்மாதானே" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது நோயா? திருமணத்துக்குள் பழைய உடம்பைப் பெற வழியுண்டா? (பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி)

பதில்: தங்கைக்கு, இது நோயன்று. சூலகங்கள் தம் வேலையைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் காலத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். 12 மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாகக் கொள்வர்; பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் அது நிகழ்கிறது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் கூடி, மறு மாதம் குறைந்து தள்ளாடுகிறது. நீங்கள் சொல்லும் ஒழுங்கின்மை அந்தத் தள்ளாட்டத்தின் வெளித்தோற்றம்தான்.

அனல் ஏறுவதற்கும் காரணம் உண்டு. உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. வழக்கமாக உடல் வெப்பம் சிறிதளவு கூடினாலும் குறைந்தாலும் அது பொருட்படுத்தாது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்தச் சகிப்பின் எல்லை ஒடுங்கிவிடுகிறது. ஒரு கோப்பை சூடான தேநீரோ, உறைப்பான ஒரு குழம்போ, ஒரு சிறு பதற்றமோ போதும், உடல் கொதித்துவிட்டதாக எண்ணித் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டச் செய்கிறது. ஆகவே பிழை கச்சானில் இல்லை, எனினும் கச்சான் வீசும் மாதங்களில் அது உங்களைக் கூடுதலாக வருத்தும் என்பது உண்மைதான். இது எவ்வளவு காலம் நீடிக்கும் என்று பலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், அடிக்கடி அனல் ஏறியவர்களுள் பாதிப் பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. சிலருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடுவதும் உண்டு. எனக்கு 49 வயதில் தொடங்கியது. இரவுப் பணியின்போது மருந்து அறையிலிருந்து வெளியேறி, குழாயடியில் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இரவுகள் பல.

பருத்தி உடுப்பு, கட்டிலருகே ஒரு போத்தல் தண்ணீர், மாலைக்குப் பின் தேநீரைக் குறைத்தல் ஆகியவை ஓரளவு உதவும். உறக்கம் கெட்டு, பகலில் வகுப்பை நடத்த முடியாத அளவுக்குப் போனால் பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, வைத்தியரிடம் கேளுங்கள். ஹோர்மோன் சிகிச்சையும் உண்டு, ஹோர்மோன் அல்லாத மருந்துகளும் உண்டு. மார்பகப் புற்றுநோயோ இரத்தக் கட்டியோ உங்களுக்கு ஏற்பட்டிருந்தால் அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் மருந்தைத் தெரிவு செய்வது அதைப் பொறுத்தது. தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும் இதே வியர்வையும் படபடப்பும் வரும் என்பதால், இரத்தப் பரிசோதனை ஒன்றையும் செய்துகொள்ளுங்கள்.

மூன்று விடயங்களில் மட்டும் "வயது அப்படித்தான்" என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். பெருவாரியான இரத்தப்போக்கு, கட்டிகளோடு வெளியேறும் இரத்தம், உறவுக்குப் பின் தோன்றும் இரத்தம் ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அதையும் காட்ட வேண்டும். "மறுபடி இளமை திரும்பிவிட்டது" என்று மகிழ்ந்து, எட்டு மாதங்கள் கழித்து வந்த ஒரு தாயை நான் விடுதியில் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, பலர் நினையாதது: இரண்டு மாதம் வரவில்லை என்பதால் கருத்தரிக்க மாட்டீர்கள் என்று பொருளில்லை. 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்கள் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கும், 50 வயதுக்குப் பின் நின்றவர்கள் மேலும் ஓர் ஆண்டுக்கும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

இனி, சாறிச் சட்டை. முன்பு உண்ட அளவே உண்டும் உடல் பெருப்பதற்கு, வயதானால் உடல் சக்தியை எரிக்கும் வேகம் குறைந்துவிடுகிறது என்று எல்லோரும் காரணம் சொல்வார்கள். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் திரட்டி 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, உடற்பருமனுக்கும் தசைக்கும் ஏற்பக் கணக்கிட்டால் 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்த வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை என்று காட்டியது. மாறுவது வேறு. தசை மெல்ல மெல்லக் குறைகிறது, அசைவு குறைகிறது, உறக்கம் குறைகிறது, முன்பு இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் வயிற்றைத் தேடி வருகிறது. தெற்காசியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைக் கடந்தால் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் உள்ள அபாயம் கூடுகிறது. ஆகையால் தராசை விட்டுவிட்டுத் தையல்காரியின் அளவு நாடாவை நம்புங்கள்.

தையல்காரி என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்முடைய சட்டைகளைத் தைப்பவர்கள் இரு பக்கமும் உள்ளே ஓர் அங்குலத் துணியை மடித்து விட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு மூன்று வரித் தையல் போட்டு வைப்பார்கள். பின்னர் தேவைப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வரிகளுள் ஒன்றைப் பிளேட்டின் முனையால் பிரித்துவிட்டால் சட்டை இளகிவிடும். வெளிறாத புதிய துணி ஒரு கோடாக வெளியே தெரியும், அவ்வளவுதான். சட்டை உடலுக்காகத் தைக்கப்பட்டதே தவிர, உடல் சட்டைக்காக உண்டானதன்று என்பதை நாம் 18 வயதில் ஏற்றுக்கொண்டு 48 வயதில் மறுக்கிறோம். திருமணத்துக்கு முன் வயிற்றை இறுக்கும் பட்டியும், "கொழுப்பைக் கரைக்கும்" தேயிலையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். அவ்வகைத் தேயிலைகளுள் பலவற்றில் இருப்பது பேதி மருந்து.

செய்ய வேண்டியது தசையைக் காப்பது. வாரத்தில் 150 நிமிடங்கள் விறுவிறுப்பான நடையும், இரண்டு நாட்கள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மட்டக்களப்பு நகருக்கு வந்தால் கல்லடியில் பழைய பாலத்தின் மேல் மாலையில் நடப்பவர்களைப் பாருங்கள். நடையை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், மற்றதைத்தான் ஒருவரும் செய்வதில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்து அமருங்கள். சுவரில் கையூன்றித் தள்ளுங்கள். மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில ஆண்டுகளில்தான் எலும்பின் அடர்த்தி மிக விரைவாகக் குறைகிறது என்பதால், எருமைத் தயிரையும் முள்ளோடு உண்ணும் நெத்தலியையும் முருங்கை இலையையும் கைவிட வேண்டாம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் மீனும் பருப்பும் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. நம் பகுதியில் வீடு பெண் வழியாக இறங்குகிறது. மகளுக்குத் திருமணம் என்றால் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தந்தையும் அதே வளவில் ஒரு சிறிய வீட்டுக்கு ஒதுங்குகிறார்கள். தாயின் உடலில் இந்த மாற்றம் நிகழும் வயதும், அவள் அடுக்களையை விட்டுக்கொடுக்கும் வயதும் பெரும்பாலும் ஒன்றாக வந்து விழுகின்றன. ஆகவே உங்களுடைய துயரில் உடலுக்கு உரியது எவ்வளவு, வீட்டுக்கு உரியது எவ்வளவு என்று நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வீட்டைக் கொடுப்பதில் வருத்தம் இருந்தால் அது வருத்தமே. அதற்கு மாத்திரை இல்லை, கணவரிடமாவது சொல்லிவிடுங்கள். அம்மம்மா என்று சிரிப்பவர்களுக்கு, பேரப்பிள்ளை பிறக்கட்டும், அப்போது பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

கட்டி முடியாத வீடு என்பதால் ஒரு யோசனை. அது உங்கள் எழுபது வயதுக்கும் சேர்த்துக் கட்டப்படுகிறது. மலசலகூடத்தில் கொமட் வையுங்கள், பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி பொருத்தச் சொல்லுங்கள், குளிக்கும் இடத்தில் பளபளப்பான தரை ஓடுகள் வேண்டாம். மேசன் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு 51 வயது, நீரிழிவு உண்டு. நான்கு மாதங்களாக வலது தோள் இறுகிவிட்டது. தொழுகையில் கையைக் காது வரை உயர்த்த முடியவில்லை. முக்காட்டுக்கு ஊசி குத்தவும் மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க இயலாது. எண்ணெய் தேய்த்தும் பயனில்லை. வயதானால் இப்படித்தான் என்று உம்மா சொல்கிறார். (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் உம்மா சொல்வதில் பாதி சரி. 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில், பெண்களிடம் கூடுதலாக, நீரிழிவு உள்ளவர்களிடம் இன்னும் கூடுதலாகத் தோன்றும் தோள்மூட்டு இறுக்கம் போலத் தெரிகிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கித் தடித்துச் சுருங்கிவிடுவதால், நீங்கள் உயர்த்தினாலும் மற்றவர் பிடித்து உயர்த்தினாலும் கை ஒரே இடத்தில் நின்றுவிடும். முதலில் வலி, பின்னர் இறுக்கம், அதன் பின் மெல்ல இளகுதல் என்று அது ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும். தானாக இளகும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பதுதான் பிழை.

இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பும்படி உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள். அதுவரை, இடது கையால் மேசையைப் பிடித்துச் சற்றுக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். சுவரை நோக்கி நின்று விரல்களைப் பல்லி ஏறுவது போல மேல்நோக்கி நகர்த்தி, எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். கோடுகள் ஏறுவதைப் பார்ப்பது மருந்துக்கு நிகரான ஊக்கம். மூட்டுக்குள் ஊசி போடச் சொன்னால் நீரிழிவு இருப்பதை நினைவூட்டுங்கள், அந்த மருந்து சில நாட்களுக்குச் சீனியின் அளவை உயர்த்தும். தொழுகையில் கை எட்டும் அளவு பற்றிய மார்க்கத் தீர்ப்பு என் வேலையன்று. உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டால் நோயாளிக்கு உள்ள சலுகையைச் சொல்வார்.

கேள்வி: நான் கடற்றொழில் செய்பவன், வயது 53. கிழிந்த வலையைப் பொத்த உட்கார்ந்தால் கண்ணி தெரிவதில்லை. கையை நீட்டித் தூரப் பிடித்தால் தெரிகிறது. கண்ணாடி போட்டால் கண் மேலும் கெட்டுவிடும் என்கிறார்கள். வீச்சுவலையும் முன்போல விரியவில்லை. இன்னொன்று, இல்லற வாழ்க்கையிலும் சில மாதங்களாக இயலாமை உண்டு. யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. (வாழைச்சேனை வாசகர்)

பதில்: தம்பி, முதலாவதற்கு நம் மொழியிலேயே வெள்ளெழுத்து என்ற நல்ல சொல் இருக்கிறது. கண்ணின் வில்லை 40 வயதுக்குப் பின் விறைத்து, அருகில் உள்ளதைப் பார்க்கும்போது குவிய மறுக்கிறது. கண்ணாடி அணிந்தாலும் அணியாவிட்டாலும் அது தன் போக்கில் கூடும். கண்ணாடியால் கண் கெடுவதில்லை. சந்தையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடி வலை பொத்தப் போதுமானதாக இருக்கலாம், ஆயினும் ஒருமுறை கண் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். கண் அழுத்த நோய் வலியோ அறிகுறியோ இல்லாமல் பார்வையின் ஓரங்களைத் தின்றுகொண்டு வரும். வெயிலிலும் உப்புக் காற்றிலும் திரிபவர்களுக்குக் கருவிழியை நோக்கிச் சதை வளர்வதும் அதிகம். கடலுக்குப் போகும்போது விளிம்புத் தொப்பியையும் வெயில் கண்ணாடியையும் வெட்கமில்லாமல் அணியுங்கள்.

வலை விரியாமல் போவதற்குத் தோளின் வலுக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் கடைசியில், ஒரு வரியில் எழுதிய விடயம்தான் மூன்றிலும் முக்கியமானது. இந்த வயதில் தோன்றும் இயலாமை பல வேளைகளில் மனத்தின் குறையுமன்று, ஆண்மையின் குறையுமன்று. இரத்தக் குழாய்கள் ஒடுங்குவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அங்குள்ள குழாய்கள் இதயத்தின் குழாய்களை விடச் சிறியவை, ஆதலால் அடைப்பு அங்கே முதலில் தெரிகிறது. மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே இப்படித் தெரிந்தவர்கள் உண்டு. இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு ஆகிய மூன்றையும் இந்த வாரமே சோதியுங்கள். புகைப்பவராக இருந்தால் அதை நிறுத்துங்கள். யாருக்கும் தெரியாமல் கடையில் வாங்கும் நீல மாத்திரை, நெஞ்சுவலிக்கான சில மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், எனக்கு எழுதியது போல ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அவர்களுக்கு அது புதிதன்று.

கேள்வி: தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசினால் நெற்றியோரம் அரிக்கிறது. நிறுத்தினால் நரை தெரியும். என்ன செய்யலாம்? (ஆரையம்பதி வாசகி, வயது 45)

பதில்: நிறுத்துங்கள். பெரும்பாலான கறுப்புச் சாயங்களில் உள்ள பிபிடி என்ற இரசாயனத்துக்கு உடல் ஒருமுறை பகையானால் அந்தப் பகை தீராது. அடுத்த முறை அரிப்பு வீக்கமாகலாம். நானும் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்காக அரிப்பைப் பொறுத்துக்கொண்டு பூசி, மறுநாள் இரு கண்ணிமைகளும் வீங்கி மூடிய நிலையில், அந்தக் கல்யாணத்தைக் காதால் மட்டும் கேட்டவள். "கறுப்பு மருதோன்றி" என்று விற்பவற்றிலும் அதே இரசாயனம் இருப்பதுண்டு. வெறும் மருதோன்றி செம்மையாகத்தான் பிடிக்கும். அது பிடிக்காவிட்டால், முடியைக் குட்டையாக வெட்டி நரையை வளர விடுங்கள். ஆறு மாதங்கள் இரு நிறமாக இருக்கும், பிறகு பார்ப்பவர்களுக்குப் பழகிவிடும்.

கேள்வி: எனக்கு வயது 24. அம்மாவுக்கு 50. அண்மைக் காலமாகச் சிறு விடயத்துக்கும் கோபப்படுகிறார், சில நேரம் காரணமில்லாமல் அழுகிறார், இரவில் எழுந்து திண்ணையில் இருக்கிறார். கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறார். அவரிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது? (காரைதீவு வாசகி)

பதில்: மகளே, நீங்கள் பெரியபிள்ளையான நாளை நினைத்துப் பாருங்கள். மாமிமார் வந்து தண்ணீர் வார்த்தார்கள், பலகாரம் சுட்டார்கள், ஊருக்குச் சொல்லிச் சாமத்தியச் சடங்கு செய்தார்கள், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது படமாக அல்பத்தில் இருக்கிறது. அதே உடலில் அதே சக்கரம் நிற்கும்போது ஒருவரும் வருவதில்லை. உங்கள் அம்மாவுக்கு அவருடைய அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டார். எனவே "ஒன்றுமில்லை" என்ற பதிலில் மறைப்பதை விடச் சொல்லின் பற்றாக்குறையே கூடுதலாக இருக்கும்.

நேருக்கு நேர் அமர்ந்து விசாரிக்காதீர்கள். கீரை ஆயும்போது பக்கத்தில் இருந்து, "அம்மம்மாவுக்கு எத்தனை வயதில் நின்றது?" என்று கேளுங்கள். அம்மம்மாவின் கதையாகத் தொடங்குவது தம் கதையாக முடிவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல், முன்பு மனச்சோர்வு இருந்தவர்களுக்கு மேலும் கூடுதல். அழுகை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் தொடர்ந்தாலோ, வாழ்வில் பிடிப்பில்லை என்பது போலப் பேசினாலோ காத்திராமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எல்லாம் துயரமாகவும் இராது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நாள் எண்ணிப் பார்க்காமல் புறப்பட முடிகிறதே என்று என்னிடம் நிம்மதியோடு சொன்ன பெண்கள் பலர்.

நம் நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே இலவசமாகச் சோதிப்பார்கள். உங்கள் பகுதியில் எந்த நாள் என்பதை மிட்வைஃபிடம் கேட்டால் சொல்வார். தனியே போகக் கூச்சப்பட்டால் நீங்களும் கூடச் சென்று வெளியே வாங்கில் இருங்கள். புறப்படும் முன் அம்மாவுக்குக் கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்பதைக் கலண்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று அதுவாகத்தான் இருக்கும்.